ஒரு வகுப்புக்கு ஒரு பொய்

முதல் மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ரத்தினபாய் மிஸ் அன்றைக்குரிய பொய்யை எழுதி முடித்துவிடுவார். ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி, பழைய டைரியிலிருந்து கிழித்த விரல் நீளச் சீட்டு, பச்சை மசிப் பேனா. எழுதியதை நாலாக மடித்து, மூடி கழன்றுபோய் ரப்பர் பாண்டில் உயிர் வாழும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைப்பார். பிறகு ஒரு வாய் காபி. பக்கத்து நாற்காலிக் கணக்கு மிஸ் "இன்னைக்கு என்ன பொய் மிஸ்?" என்று எட்டிப் பார்த்தால் பாக்ஸைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார். "உங்ககிட்ட சொன்னா மூஞ்சிய வெச்சே பசங்களுக்குக் காட்டிக் குடுத்துடுவீங்க" என்பார்.

ஐம்பத்து நான்கு வயது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிற பள்ளியில் இருபத்தாறு வருஷமாகச் சமூக அறிவியல் எடுக்கிறார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, இடது தோளில் பை, வலது முழங்காலில் எப்போதும் கொஞ்சம் தைல வாசனை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் வரிசை. இந்த அம்மாள் பொய்யே சொல்ல மாட்டார் என்று பார்க்கிறவர்கள் சத்தியம் செய்வார்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவர் தினமும் எட்டாம் வகுப்பு பி பிரிவை ஏமாற்றுகிறார்.

விதி எளிது. ஒரு வகுப்புக்கு ஒரு பொய். அது திரையில் ஓடும் ஸ்லைடில் இருக்கலாம், மிஸ் வாயிலிருந்தும் வரலாம். கண்டுபிடித்தவர் டெஸ்க்கை மூன்று தரம் தட்டிவிட்டு எழுந்து, எது பொய், ஏன் பொய் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் ஸ்லைடு மாற்றுகிற குட்டி ரிமோட், பிள்ளைகள் பாஷையில் கிளிக்கர், மணி அடிக்கும் வரை அவர் கையில். மிஸ் "அடுத்தது போடுப்பா" என்று கெஞ்ச, அவர் மனமிரங்கி அமுக்குவார். அந்தச் சுகத்துக்காக எதையும் செய்வார்கள் பிள்ளைகள்.

யாரும் கண்டுபிடிக்காத நாளில், மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மிஸ் பாக்ஸைத் திறந்து சீட்டை வாசிப்பார். வகுப்பு "ஐயோ" என்று தலையில் கை வைக்கும். மிஸ் நாக்கின் நுனியை மட்டும் வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அது பழிப்பு. யாராவது பெரியவர்கள் பார்த்தால் உதட்டைத் துடைத்துக்கொண்ட மாதிரிதான் இருக்கும். "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதும்பாங்க. எனக்குப் பொய் சொன்னாத்தான் மத்தியானச் சோறே இறங்குது" என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போடுவார். பொய்யின் ஆயுள் நாற்பது நிமிஷம். அது யாரோடும் வீட்டுக்குப் போகக் கூடாது.

இரண்டாவது விதியைப் பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள். சீட்டில் இல்லாத தப்பை, அதாவது மிஸ் தெரியாமல் செய்த சொந்தத் தப்பை, யாராவது பிடித்துவிட்டால் மிஸ் பெஞ்சு மேல் ஏற வேண்டும். மூன்று வருஷத்தில் இரண்டு முறை ஏறியிருக்கிறார். ஒரு தரம், வளையம் இருக்கிற ஒரே கோள் சனிதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு ஏறினார். வியாழனுக்கும் யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் வளையம் உண்டு என்று ஒரு பையன் மறுநாள் புத்தகத்தோடு வந்து நின்றான். ஏறுவதற்கென்று ஒரு பெஞ்சு உண்டு, இரண்டாவது வரிசையில் ஓரத்தில். அதற்கு ஒரு கால் குட்டை. காலுக்கு அடியில் எப்போதும் ஒரு மடித்த காகிதம் இருக்கும். முதலில் மின்விசிறியை நிறுத்துவார்கள், நாலு பேர் பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், மிஸ் ஏறுவார். ஏறி, "எல்லாரும் நல்லா பாத்துக்குங்க, அடுத்த வருஷம்தான் இனி" என்பார்.

பொய் சொல்வது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் எட்டு பி-யில் சொல்லிப் பார்க்கலாம். "பொய்க்கும் உப்பு மாதிரி ஒரு அளவு இருக்கு" என்பது ரத்தினபாயின் சித்தாந்தம். கூடினால் பிள்ளைகள் சிரித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். குறைந்தால் நாக்கில் படாது. சேலையூர் ஏரியில் முத்துக் குளிக்கிறார்கள் என்பது ஜூன் மாதப் பொய், புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கம் வருவதற்காக. ஆகஸ்டில் ஏதாவது ஒரு மலை நூறு மீட்டர் வளர்ந்திருக்கும். பரீட்சை நெருங்கும்போது இரண்டு மண் வகைகள் சத்தமில்லாமல் இடம் மாறியிருக்கும். பிள்ளைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள். சிலர் முந்தின நாளே பாடத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள், மிஸ்ஸைப் பிடிப்பதற்கு. படித்துவிட்டு வா என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

இந்த வித்தையை அவருக்கு எந்தப் பயிற்சி முகாமும் சொல்லித் தரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் எல்லா வகுப்பிலும் பெரிய திரை மாட்டினார்கள். இனி எல்லாரும் ஸ்லைடு போட்டுத்தான் பாடம் எடுக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. ரத்தினபாயும் போட்டார். ஒரு பாடத்துக்கு அறுபது ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் எறும்பு வரிசை மாதிரி எழுத்து. பதினோராவது ஸ்லைடில் திரும்பிப் பார்த்தால் நாற்பத்திரண்டு பேரில் பாதி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. மீதிப் பாதிக்கு அந்த நாகரிகம்கூட இல்லை. அவரே ஒரு கொட்டாவியை மென்று விழுங்கினார்.

அந்த ஸ்லைடுகளையெல்லாம் தட்டச்சு செய்து தந்தவன் மகன் ஜேசன். கிரிக்கெட்டுக்குப் போக விடாமல் உட்கார வைத்த கடுப்பில் ஒரு நாள் 'தமிழ்நாட்டின் தலைநகரம் தாம்பரம்' என்று அடித்துவிட்டான். ரத்தினபாய் வகுப்பில் அதை அப்படியே வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மிஸ், எப்போ மிஸ் மாத்துனாங்க?" இன்னொரு குரல், "அப்போ சட்டசபை எங்க மிஸ், பஸ் ஸ்டாண்டு பின்னாடியா?" வகுப்பு குலுங்கியது. ரத்தினபாய்க்குக் காது மடல் வரை சூடேறியது. அப்புறம்தான் கவனித்தார், நாற்பத்திரண்டு ஜோடிக் கண்களும் திரையில் இருந்தன. மிச்சமிருக்கிற ஸ்லைடுகளில் வேறு என்ன கோளாறு சிக்கும் என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஜேசனின் காதைத் திருகினார். திருகிய கையாலேயே அவன் தட்டில் இரண்டு மீன் துண்டு அதிகமாக வைத்தார்.

கணவர் தனசிங் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியில் இருப்பவர். இரும்புலியூர் வீட்டில் அவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"பிள்ளைங்ககிட்டப் போய்ப் பொய்யா? ஒன்பதாம் கட்டளை என்னாச்சு ரத்னா?"

"அது அடுத்த மனுஷனுக்கு விரோதமா சொல்லக் கூடாதுன்னுதாங்க. நான் ஆரவல்லி மலைக்கு விரோதமாத்தானே சொல்றேன்."

"எல்லாத்துக்கும் ஒரு கிண்டல்."

"கிண்டல் இல்லங்க. சீட்டுல எழுதி வைக்காத பொய் ஒண்ணுகூட நான் வகுப்புல சொன்னதில்ல. உங்க கமிட்டில யாராவது அப்படி எழுதி வெச்சுட்டுச் சொல்றாங்களா, கேட்டுப் பாருங்க."

தனசிங் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்த வருஷம் செப்டம்பரில் கரிசல் மண்ணும் வண்டல் மண்ணும் இடம் மாறுகிற வரை. அன்றைய சீட்டில் 'பருத்திக்கு ஏற்றது வண்டல் மண்' என்று எழுதியிருந்தார். அதை யாரும் பிடிக்கவில்லை. கடைசியில் மிஸ் சீட்டை வாசித்தார், நாக்கு நுனியைக் காட்டினார், வகுப்பு தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் சுப்ரஜா என்ற பெண் அப்போது வகுப்பில் இல்லை. பல்லுக்குக் கம்பி போட மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்ததால் பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிவிட்டாள். சுப்ரஜா டெஸ்க்கைத் தட்டுகிற ரகம் இல்லை. மிஸ் தும்மினால்கூடத் தேதி போட்டு எழுதிக்கொள்கிற ரகம். பொய் அவள் நோட்டில் ஏறி வீட்டுக்குப் போயிற்று. பரீட்சையிலும் இறங்கிற்று. ஒரு மார்க் போனது.

அவள் அப்பா பத்ரிநாராயணனுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அடுத்தவர் செய்த சாமானில் குறை கண்டுபிடிப்பதற்குப் பகல் முழுக்கச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்தபிறகு அதையே இலவசமாகச் செய்கிறவர். ஒரு மார்க் எங்கே போனது என்று தேடிக்கொண்டு நோட்டுக்குள் போனார். வெளியே வரும்போது இரண்டு பக்கப் புகாரோடு வந்தார். தட்டச்சு செய்தது, பத்திக்குப் பத்தி எண் போட்டது.

பிரின்சிபல் சுபத்ரா மேடம் ரத்தினபாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பத்ரிநாராயணன் அங்கே முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், உங்க வேலை உண்மையச் சொல்லித் தர்றது. பசங்க நோட்டுல பொய் ஏறினா யார் ரெஸ்பான்சிபிள்?" என்றார் பத்ரிநாராயணன்.

"நான்தான் சார். சுப்ரஜா சீக்கிரம் கெளம்பினத நான் கவனிச்சிருக்கணும். அது என் தப்பு." ரத்தினபாய் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. "சார் ஃபாக்டரில என்ன பாக்கறீங்க?"

"க்யூசி. குவாலிட்டி கன்ட்ரோல்."

"நானும் அதான் சார். நாப்பத்திரண்டு பேர க்யூசி ஆக்கிட்டு இருக்கேன்."

சுபத்ரா மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். பத்ரிநாராயணன் எதையும் கடிக்கவில்லை. புகாரின் மூன்றாவது பத்தியைச் சத்தமாக வாசித்தார்.

சுபத்ரா மேடத்தின் சங்கடம் வேறு. ஒரு கம்பெனி தயாரித்து விற்ற ஸ்லைடுகள் ஆறு மாதமாகப் பள்ளிக் கணினியில் சும்மா கிடந்தன. அதில் மேகத்துக்குக் கண்ணும் மீசையும் வைத்திருந்தார்கள். மேகம் ஆடிக்கொண்டே வந்து 'ஹாய் ஃப்ரெண்ட்ஸ்' என்று கையை அசைக்கும். ஏழு ஏ-யில் போட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் பிள்ளைகளும் 'ஹாய்' என்றார்கள். மூன்றாம் நாள் மேகம் வந்ததும் டெஸ்க்கில் தலையைச் சாய்த்தார்கள். இது மேடத்துக்கும் தெரியும். ஆனால் மேகத்தைப் பற்றி எந்தப் பெற்றோரும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரவில்லையே.

"திங்கக்கிழமை நானும் சாரும் உங்க வகுப்புல பின்னாடி உக்கார்றோம்" என்றார் மேடம். "பொய் கிடையாது. ஒரு சின்னத் தப்புகூட கிடையாது. அப்படி ஏதாவது இருந்தா, செவ்வாய்க்கிழமைல இருந்து கம்பெனி ஸ்லைடுதான். நீங்க கிளிக் பண்ணா போதும் மிஸ்."

ரத்தினபாய் சரி என்று வாக்குக் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். 'கிளிக் பண்ணா போதும்' என்பதுதான் எங்கேயோ போய்த் தைத்தது. இருபத்தாறு வருஷம் பேசிய வாய்க்கு ஒரு கட்டை விரல் போதும் என்கிறார்களே. அன்று மாலை ஷேர் ஆட்டோவில் கேம்ப் ரோடு முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். ஓட்டுநரே திரும்பி, "இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிரியாணி முடிந்து, மடிக்கணினியைத் திறந்தார். பாடம் வடகிழக்குப் பருவக்காற்று. போன வருஷம் நடத்திய அதே இருபது ஸ்லைடுகள். அதில் போன வருஷப் பொய் ஒன்று எங்கேயோ ஒளிந்திருக்கும், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் போதும் என்று நினைத்தார். ஆனால் எங்கே? சீட்டைத்தான் அன்றைக்கே கிழித்துப் போட்டாயிற்றே. உண்மை என்னவென்றால் அந்தக் கோப்பில் பொய்யே இல்லை. போன வருஷமே வகுப்பு முடிந்த கையோடு திருத்தி வைத்துவிட்டார், அதுதான் மறந்துபோயிற்று. இல்லாத பொய்யை ஒரு மணி நேரம் தேடினார். மழை அளவைச் சரிபார்த்தார். மாதங்களை விரல் விட்டு எண்ணினார். வங்காள விரிகுடா வங்காள விரிகுடாதானா என்று புத்தகத்தைத் திறந்து பார்த்தார். சந்தேகப்பட ஆரம்பித்தால் கட்டின புருஷன்கூட யாரோ மாதிரி தெரிவார். ரத்தினபாய்க்கு எல்லா ஸ்லைடும் திருட்டு முழி முழித்தன.

பதினான்காவது ஸ்லைடில் கை நின்றது. தமிழ்நாட்டு வரைபடம். வலப்பக்கக் கடலிலிருந்து நம் கரையை நோக்கி ஒரு பெரிய நீல அம்பு. வடகிழக்குப் பருவக்காற்று, வடகிழக்கு, வடகிழக்கு என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் அம்பு வடகிழக்கைப் பார்த்துத்தானே போக வேண்டும்?

"சிக்கிடுச்சு! ஜேசா, இந்த அம்பத் திருப்புடா."

"ஷ்யூரா மம்மி?"

"இருபத்தாறு வருஷமா பருவக்காத்து எடுக்கறேன். திருப்புன்னா திருப்பு."

ஜேசன் மிச்சமிருந்த பிரியாணி எலும்பைக் கடித்தபடி இடது கையால் திருப்பினான். அம்பின் மூக்கு கரையைவிட்டுக் கடலைப் பார்த்தது. ரத்தினபாய் பெரிய பாரம் இறங்கினவராக ஒரு குட்டித் தூக்கம் போட்டார்.

திங்கட்கிழமை எட்டு பி பளபளவென்று இருந்தது. வாசலில் துடைப்பத்தோடு அஞ்சம்மாள் நின்றார். "இன்னா மிஸ் நீங்க, பெஞ்சு காலாண்ட குப்பைய சொருவி வெச்சிகினு கீறீங்க. இன்னிக்கு ஆளுங்க வராங்கன்னு மேடம் சொல்லிச்சு, அல்லாத்தையும் வாரிப் போட்டுட்டேன்." ரத்தினபாய்க்கு இருந்த படபடப்பில் அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. பழக்க தோஷத்தில் காலையிலேயே ஒரு சீட்டும் எழுதிப் பாக்ஸில் வைத்திருந்தார்.

பின்னால் இரண்டு நாற்காலிகள். சுபத்ரா மேடம் கையில் மதிப்பீட்டுத் தாள். பத்ரிநாராயணன் கையில் அதே இரண்டு பக்கப் புகார், அதன் பின்பக்கத்தில் குறிப்பு எழுதத் தயாராகப் பேனா.

"இன்னைக்குப் பொய் கிடையாது" என்று ஆரம்பித்தார் ரத்தினபாய்.

முன் வரிசை ஜாய்சன் உடனே டெஸ்க்கை மூன்று தரம் தட்டி எழுந்தான். "மிஸ், அதான் இன்னைக்குப் பொய்!"

வகுப்பு சிரித்தது. "இல்லடா, நெஜமாவே கிடையாது" என்று மிஸ் சொல்லச் சொல்ல, இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு உறுதியாகிவிட்டது. நாற்பத்திரண்டு பேரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் நடந்ததை எந்தக் கம்பெனியும் தயாரித்து விற்க முடியாது. ஒரு வரியையும் சும்மா விடவில்லை. "அக்டோபர்லதான் ஆரம்பிக்குமா மிஸ், செப்டம்பர்ல ஏன் பேஞ்சுது?" "மிஸ், அரபிக்கடல் மழை நமக்கு வராதா?" முடிச்சூரிலிருந்து வரும் கெசியா, "எங்க தெருவுல வெள்ளம் வந்து படகு விட்டாங்களே மிஸ், அது இந்தக் காத்துலயா, புயல்லயா?" என்று கேட்டு, பதில் வரும் வரை உட்காரவில்லை. ரத்தினபாய்க்குப் பயம் போய் உற்சாகம் வந்துவிட்டது. கரும்பலகைக்கும் திரைக்கும் நடுவில் பம்பரமாகச் சுற்றினார். "காத்துக்கு எப்பவும் அது பொறப்பட்ட ஊரோட பேருதான். வடகிழக்குல இருந்து வந்தா வடகிழக்குக் காத்து. திருநெல்வேலி அல்வா எங்கேந்து வருது? அந்த மாதிரி" என்றார். சுபத்ரா மேடம் தாளில் தாராளமாக டிக் போட்டுக்கொண்டே போனார். பத்ரிநாராயணனின் பேனா வெகு நேரமாக மூடியிருந்தது.

இப்படியாகப் பதினான்காவது ஸ்லைடு வந்தது. மிஸ் அதைக் காட்டினார், பேசினார், பதினைந்துக்குப் போக விரலையும் வைத்துவிட்டார்.

டக், டக், டக்.

மிக மெல்லிய தட்டல். யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுப்ரஜா நின்றுகொண்டிருந்தாள். வருஷத்தில் முதல் தடவை.

"மிஸ்... வடகிழக்குல இருந்து வந்தாதான் வடகிழக்குக் காத்துன்னு நீங்கதானே சொன்னீங்க. நோட்டுல எழுதியிருக்கேன். அப்போ அம்பு கடல்ல இருந்து நம்மகிட்ட வரணும் இல்ல? இது நம்மகிட்ட இருந்து கடலுக்குப் போகுது."

ரத்தினபாய் திரையைப் பார்த்தார். அம்பு அவரைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பு டெஸ்க்குகளைப் பிளந்தது. "பொய்! பொய்! புடிச்சுட்டா!"

பின்னாலிருந்து சுபத்ரா மேடம் சிரித்தே விட்டார். "அதானே பாத்தேன். இதுதான் இன்னைக்குப் பொய்யா? சொன்ன பேச்ச கேக்கவே மாட்டீங்களா மிஸ்?" கோபமே இல்லை அந்தக் குரலில். பத்ரிநாராயணனின் முகத்தில்கூட ஒரு இளக்கம் தெரிந்தது. பிடித்தவள் அவர் மகள் அல்லவா. ஒரு தலையசைப்பு போதும். ஆமாம் மேடம், கை சும்மா இருக்க மாட்டேங்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை தப்பித்துவிடும். மேகமும் அதன் மீசையும் கணினிக்குள்ளேயே கிடக்கும்.

ரத்தினபாய்க்கு ஆசையாக இருந்தது. தலை பாதி அசையக்கூடச் செய்தது.

ஜாய்சன் அதற்குள் மேஜைக்கு ஓடி ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சீட்டப் பிரிங்க மிஸ், கிளிக்கர் குடுக்கணும்ல."

அவர் ரப்பர் பாண்டைக் கழற்றினார். சீட்டை எடுத்தார். தான் பிரிக்காமல் சுப்ரஜாவிடம் கொடுத்தார். அவள் பிரித்து, வழக்கம்போல் எழுத்துக்கு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். "இன்று பொய் இல்லை."

சத்தம் அடங்க ஒரு நொடி ஆயிற்று. முதலில் கெசியாவுக்குப் புரிந்தது, அப்புறம் வரிசை வரிசையாகப் புரிந்துகொண்டு வந்தது. சுபத்ரா மேடத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ..." என்றாள் சுப்ரஜா.

"அப்போ மிஸ்ஸுக்குத் தெரியலன்னு அர்த்தம்" என்றார் ரத்தினபாய். "நேத்து சரியா இருந்தது. நான்தான் கெட்டிக்காரத்தனமா திருப்பி வெச்சேன்."

பெஞ்சு என்று யாரும் சொல்லவில்லை. மற்ற நாளாக இருந்தால் கூரை பறந்திருக்கும். ஜாய்சன் பின்னால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான். "இன்னைக்கு வேணாம் மிஸ். ஆளுங்க இருக்காங்க."

"விதின்னா விதிடா. ஃபேன நிறுத்து."

இரண்டாவது வரிசைக்கு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கெசியாவின் தோளில் இன்னொரு கையை ஊன்றி, நல்ல காலை முதலில் வைத்து ஏறினார். வலது முழங்கால் படாரென்று ஒரு சத்தம் போட்டது. அவர் நிமிர்ந்து நின்றதும் பெஞ்சு இடப்பக்கம் ஒரு தரமும் வலப்பக்கம் ஒரு தரமும் ஆடியது. காலடியில் காகிதம் இல்லை. அஞ்சம்மாள் காலையில் சொன்னது இப்போதுதான் மனசில் விழுந்தது.

மேலிருந்து வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். கடைசி நாற்காலியில் கண் நின்றது.

"சார், ஒரு ஒத்தாசை. பெஞ்சு ஆடுது. கையில இருக்கிற அந்தப் பேப்பர நாலா மடிச்சு இந்தக் கால் கீழ சொருவிடுங்களேன். ரெண்டு பக்கம் இருக்கில்ல, கெட்டியா நிக்கும்."

பத்ரிநாராயணன் கையிலிருந்ததைப் பார்த்தார். சுப்ரஜாவைப் பார்த்தார், அவள் அந்தச் சீட்டை இன்னும் பிடித்துக்கொண்டு, அவர் என்ன செய்யப் போகிறார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாள்களை மடித்துச் சொருகினார். பெஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நூலளவு ஆடியது. வெளியே எடுத்து, இன்னொரு மடிப்பு மடித்து, திரும்பச் சொருகி, திரும்ப ஆட்டிப் பார்த்தார்.

"இப்ப ஓகே மிஸ்" என்றார்.

ரத்தினபாய் நாக்கு நுனியை ஒரு கணம் வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு பெஞ்சு மேலிருந்தபடியே குனிந்து, கிளிக்கரை சுப்ரஜாவிடம் நீட்டினார்.